ஃபாஸிலுக்கென்று ஒரு சட்டி

அத்தியாயம் 17

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பாதர் வெளியே சொல்லமாட்டார். கதை சொல்கிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் போன வாரம் சுவக்கின் முழந்தாளில் நின்று அழுததை நாம் எல்லோரும் கேட்டோம். கேட்காதவர்களுக்காக நாலு வார்த்தை.

சுவக்கினின் மகன் கிஷான் போய் ஒரு வருஷம் ஆகிறது. இருபத்தொரு வயது. ரக்பி மைதானத்தில் விழுந்தவன், கண்டிப் பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து அப்படியே போய்விட்டான். பந்தோடு ஓடி வந்த அவனை இடுப்பில் பிடித்து விழுத்தியவன் எதிரணியில் ஆடிய ஃபாஸில். மடவளை முஸ்லிம் பையன். பள்ளிக்கூட நாளிலிருந்தே கிஷானின் உயிர்ச் சிநேகிதன்.

"என் புள்ளையக் கொன்னவன் என் வாசல மிதிக்கக் கூடாது" என்று கிஷானின் அம்மா கத்தரீனா ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்தே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவன் வரவில்லை. ரக்பியையும் விட்டுவிட்டான் என்று கேள்வி.

ஆனால் அந்த மேட்ச்சுக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமைப் பயிற்சியிலேயே கிஷானின் தலையில் அடிபட்டிருந்தது. வியாழக்கிழமை அதை அப்பாவிடம் மட்டும் சொன்னான். "அம்மாட்ட சொல்லாதீங்கப்பா, விடமாட்டாங்க" என்றான். சுவக்கின் இரண்டு பனடோல் மாத்திரையைக் கொடுத்து, சனிக்கிழமை அவனை மைதானத்துக்கு அனுப்பிவைத்தார். பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர், "முன்னாடி தலையில அடிகிடி பட்டிருந்துச்சா?" என்று கேட்டபோது, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இல்லை என்றார்.

ஒரு வருஷமாக அந்தப் பொய் அவர் வயிற்றில் கிடந்தது. பாதர் கேட்டுவிட்டு, "ஆண்டவர் மன்னிப்பார் சுவக்கின். ஆனா அந்தப் பையன் தலையில இருக்கிற சுமைய நான் இங்கருந்து இறக்க முடியாது. நீங்கதான் போய் இறக்கணும்" என்றார்.

மனுஷன் வீட்டுக்கு வந்த கையோடு ஃபாஸிலுக்குப் போன் போட்டார். கிஷானின் நினைவாகச் சாப்பாடு போடுகிற ஆண்டுத் தானத்துக்குக் கட்டாயம் வரச் சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு போனும் போட்டார். அந்த இரண்டாவது போன்தான் இன்று காலை அவரைக் காட்டிக்கொடுத்தது.

சனிக்கிழமை, காலை ஏழு மணி. அம்பிட்டிய வீட்டின் பின்புறத்தில் சமையல்காரர் வீரசிங்கம் பெரிய அடுப்பு இரண்டு மூட்டியிருந்தார். ஐம்பது பேருக்குச் சாப்பாடு. பாதி உறவுக்காரர், மீதி மேட்டிலிருக்கிற முதியோர் இல்லத்து ஆட்கள். கத்தரீனா ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கோழி இருக்கு. பருப்பு. கத்தரிக்கா. மாசிச் சம்பல். எங்கண்ணே பன்னிக்கறி?"

"அது வேணாம்னு ஐயா சொல்லிட்டாரேம்மா. போன வாரமே போன் போட்டாரு."

கத்தரீனா கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள்.

இந்த வீட்டில் கிஷானும் பன்றிக்கறியும் வேறு வேறல்ல. கொறக்காப்புளி போட்டு, மிளகைத் தூக்கலாக அரைத்துவிட்டு, கருகருவென்று அம்மா வைக்கிற அந்தக் கறிக்காக அவன் எந்தப் பயிற்சியிலிருந்தும் ஓடி வருவான். செத்தவருக்குப் பிடித்ததைத் தானத்தில் வைக்காமல் விடுவது அவர்கள் சனத்தில் நடக்காத காரியம். முப்பத்தோராம் நாள் தானத்தில் அந்தக் கறிதான் முதலில் தீர்ந்தது.

"ஏங்க! இங்க வாங்க!"

சுவக்கின் வாழைமரத்துப் பக்கம் நின்று, வருகிறவர்கள் உட்காரக் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மூன்றாவது தடவை துடைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி.

"பன்னிய ஏன் நிறுத்துனீங்க?"

"இல்ல... வயசானவங்க வர்றாங்க. கொலஸ்ட்ரோல், அது இதுன்னு..."

"முப்பத்தோராம் நாளுக்கும் இதே வயசானவங்கதான் வந்தாங்க. அப்ப இல்லாத கொலஸ்ட்ரோல் இப்ப எங்கருந்து வந்துச்சு?"

வீரசிங்கம் அடுப்பைப் பார்த்துச் சிரித்தார். சுவக்கினுக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்வதில் மனுஷனுக்குக் கெட்டித்தனம் போதாது. ஒரே ஒரு பொய்யைத்தான் அவர் வாழ்க்கையில் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்.

கத்தரீனா அவர் முகத்தையே பார்த்தாள். முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவள். அவளுக்குக் கணக்குப் போட நேரம் பிடிக்கவில்லை.

"பன்னி திங்காத யாரு வர்றாங்க இன்னைக்கு?"

சுவக்கின் துணியை உதறினார்.

"நம்ம வீட்டுக்கு வந்துபோன பன்னி திங்காத ஆள் ஒருத்தன்தாங்க. அவனா?"

"கத்தரீன், நான் சொல்றதக் கொஞ்சம்..."

"அவனா இல்லையா?"

"அவன்தான்."

அவள் கத்துவாள் என்று சுவக்கின் தோளைக் குறுக்கிக்கொண்டார். கத்தவில்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வீரசிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கடை தொறந்திருக்கும். ஆள் அனுப்பி மூணு கிலோ பன்னி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கொறக்கா நான் தர்றேன். கறி கொதிச்சதும் அதே கரண்டிய எல்லாச் சட்டிக்குள்ளயும் போட்டுக் கிண்டுங்க."

"எல்லாத்துலயுமாம்மா? பருப்புலயுமா?"

"பருப்புலயுந்தான்."

வீரசிங்கம் ஐயாவைப் பார்த்தார். ஐயா கதிரையைப் பார்த்தார்.

இதே கத்தரீனாதான் ஒரு காலத்தில் ஃபாஸிலுக்கென்று தனிச் சட்டி வாங்கி வைத்தவள். நீலக் கைபிடி போட்ட சின்ன அலுமினியச் சட்டி, ஒரு கரண்டி, ஒரு பீங்கான் கோப்பை. பன்றிக்கறி பட்ட எதுவும் அதைத் தொடக் கூடாது. பிள்ளைகள் கை வைத்தால் சத்தம் போடுவாள். கோழி வாங்கக் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் போய் முஸ்லிம் கடையில் வாங்கி வருவாள். "அவங்க உம்மா நம்பித்தானே இங்க திங்க அனுப்புறாங்க" என்பாள். நோன்பு மாதத்தில் அந்தப் பையனுக்காக ஆறு மணிக்குத் தேத்தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு, "பாங்கு சொல்லிட்டாங்களாடா?" என்று அவனைவிட அவசரப்பட்டவளும் அவள்தான்.

கிஷானை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று அந்தச் சட்டியை ஒரு பேக்கில் போட்டு அலுமாரியின் உச்சியில் ஏற்றினாள். வீசவில்லை. ஏன் வீசவில்லை என்று சுவக்கின் கேட்டதும் இல்லை.

மகள் லிண்டா நாவலப்பிட்டியிலிருந்து முதல் நாளே வந்திருந்தாள். நடந்ததைக் கேட்டு அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"இப்பவே போன் போட்டு வராதன்னு சொல்லிருங்கப்பா. அம்மா நாலு பேரு முன்னாடி அவன அவமானப்படுத்திருவாங்க."

"வரட்டும்மா."

"எதுக்குப்பா? அம்மா படுறது போதாதா?"

"எதுக்குன்னு மத்தியானம் சொல்றேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் துடைக்கிற துணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பத்து மணிப் பூசைக்குக் கோவில் பாதி நிறைந்திருந்தது. பாதர் கிஷானின் பெயரைச் சொன்னபோது கத்தரீனா அழவில்லை. பரலோக மந்திரத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். சுவக்கின் கண்ணை மூடாமல் மனைவியின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஒரு வருஷமாக அவர் கவனித்து வந்த சங்கதி இது. தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வருகிற அந்த இடம் வந்ததும் கத்தரீனாவின் உதடு மூடிக்கொள்ளும். அந்த ஒரு வரி போனதும் மறுபடி திறக்கும். வீட்டு ஜெபத்திலும் அப்படித்தான். பொய்யாக ஒரு வார்த்தையை ஆண்டவர் முன்னால் சொல்ல அவளுக்கு மனசு வராது. அவ்வளவு நேர்மையானவள்.

இன்றும் மூடிக்கொண்டது. அவள் ஃபாஸிலை நினைத்து மூடுகிறாள். மூட வேண்டியது என்னை நினைத்தல்லவா என்று சுவக்கின் நினைத்துக்கொண்டார்.

பூசை முடிந்து இறக்கத்தில் நடந்து வரும்போது அவள் முன்னால் போனாள். எப்போதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவள். இன்று பிடிக்கவில்லை.

மத்தியானம் பாதர் வந்து சாப்பாட்டை ஆசீர்வதித்துவிட்டு, வேறொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பினார். வாசல் படலையடியில் சுவக்கினின் தோளை ஒரு தரம் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாதே.

முதியோர் இல்லத்து ஆட்கள் முதல் பந்தி சாப்பிட்டு எழுந்தார்கள். பன்றிக்கறிக்கு இரண்டாம் தரம் கேட்டார்கள். "புள்ளைக்கு நல்ல ருசி தெரிஞ்சிருக்கு" என்றார் பல்லில்லாத ஒரு பெரியவர். கத்தரீனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் படலைக்கு வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

ஃபாஸில் பாதியாக இளைத்திருந்தான். ரக்பிக்காரனின் தோளெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வெள்ளைச் சேட்டு, கையில் துணியால் மூடிக் கட்டிய ஒரு பாத்திரம். படலையைத் திறக்கவில்லை. வெளியிலேயே நின்றான்.

"உள்ள வாப்பா" என்றார் சுவக்கின்.

"இல்ல அங்கிள். வாசல மிதிக்க வாணாமெண்டு ஆன்ட்டி செல்லியீக்காங்க. உம்மா வட்டிலப்பம் தந்தாங்க. இதத் தந்துட்டுப் போறேன்."

கத்தரீனா வந்தாள். கையில் ஒரு பிளேட். சோறு, கோழி, பருப்பு, எல்லாவற்றுக்கும் மேலே கருகருவென்று பன்றிக்கறி இரண்டு அகப்பை. படலைக்கு மேலால் நீட்டினாள்.

"வந்தவன் வெறுங்கையோட போகக் கூடாது. உன் சிநேகிதனோட தானம். சாப்பிடு."

வாசலில் நின்றிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. லிண்டா "அம்மா" என்று மெல்லச் சொன்னாள்.

ஃபாஸில் பாத்திரத்தைப் படலைத் தூணில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிளேட்டை வாங்கிக்கொண்டான். அதைப் பார்த்தான்.

"ஆன்ட்டி, இத நான் தின்ன ஏலாது. உங்களுக்கு நல்லாத் தெரியும்." கண் கலங்கிவிட்டது பையனுக்கு. "ஆனா கிஷான்ட சாப்பாட வாணாமெண்டு செல்லவும் வாய் வருதில்ல."

அவன் அப்படியே நின்றான். தின்னவும் முடியாமல், திருப்பிக் கொடுக்கவும் முடியாமல், அந்தப் பிளேட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். அதை ஒரு நிமிஷத்துக்கு மேல் சுவக்கினால் பார்க்க முடியவில்லை.

"கத்தரீன், அவன் கொல்லல."

"நீங்க சும்மா இருங்க."

"ஒரு வருஷம் சும்மாதான் இருந்தேன். புதன்கிழமையே புள்ளைக்கு அடிபட்டிருச்சு. பிரக்டிஸ்ல. வியாழக்கிழமை என்கிட்ட வந்து சொன்னான், தலை ரெண்டா பிளக்குதுப்பான்னு. நான்தான் பனடோலக் குடுத்து, ஒரு மேட்ச்ச விட்டா போச்சுடா, செலக்ட் பண்ற ஆளுங்க வர்றாங்கடான்னேன்." அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார். "எனக்கு அந்த வயசுல ரயில்வே டீம்ல புட்போல் ஆட சான்ஸ் வந்துச்சு. காய்ச்சல்னு எங்கம்மா விடல. அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல. அது என் மண்டைக்குள்ளயே கெடந்துச்சு. அதான் அனுப்புனேன். பழைய அடி ஆறாம இருந்ததாலதான் விழுந்த அடியத் தாங்கல. இந்தப் புள்ள மேல ஒரு குத்தமும் இல்ல."

கத்தரீனா புருஷனை, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"டொக்டர் கேட்டாரு."

"ஆமா."

"நான் உங்க பக்கத்துலதான் நின்னேன்."

"நின்ன."

"இல்லன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

ஃபாஸில் தலையைக் குனிந்துகொண்டு பேசினான். "அங்கிள், இத நீங்க செல்லுவீங்கண்டு நான் நினைக்கல்ல."

சுவக்கின் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"மேட்ச்சுக்கு முந்தி சென்னான். தலை சரியில்ல மச்சான், அப்பாக்கு மட்டுந்தான் தெரியுமெண்டு. ஆடாதடா எண்டேன், கேக்கல்ல. பொறகு பந்து அவன் கையில ஈந்திச்சி, நேரா என்ட பக்கம் வந்தான். யோசிக்க நேரமில்ல அங்கிள். பழக்கத்துல விழுத்திட்டேன்."

"அப்ப ஏம்ப்பா இத்தன நாள் வாயத் தொறக்கல?"

"தொறந்தா என்ன வரும்? ஆன்ட்டிக்கு மகனும் இல்லாம, புருஷனும் இல்லாமப் போயிரும். என்னத் திட்டினா அவங்களுக்குக் கொஞ்சம் லேசா ஈக்குமெண்டு இருந்துட்டேன்."

இருபத்திரண்டு வயதுப் பையன். சுவக்கினுக்கு அந்த இடத்திலேயே மண் பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. இவ்வளவு நாளும் தான் ஒளித்து வைத்ததாக நினைத்திருந்ததை, இவன் அல்லவா தன்னுடைய தலையைக் கொடுத்து மூடி வைத்திருக்கிறான்!

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள் கத்தரீனா. "செத்துப்போனவனுக்கும் தெரியும். பெத்தவளுக்கு மட்டுந்தான் தெரியாது."

அவள் படலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அவன் கால உடைச்சாவது வீட்டுல போட்டிருப்பேனே. கதவப் பூட்டியிருப்பேனே. பாவிங்களா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. லிண்டா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். கத்தரீனா மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "தெரியாமப் போச்சே, தெரியாமப் போச்சே" என்று அரற்றினாள். சுவக்கின் ஓரடி கிட்டே வந்தார். அவள் நிமிராமலேயே கையை நீட்டித் தடுத்தாள்.

அழுகை ஓய்ந்தது. அவள் முகத்தைத் துடைத்தாள். ஃபாஸிலின் கையிலிருந்த பிளேட்டை வாங்கிப் புருஷனின் கையில் கொடுத்தாள். பிறகு படலையைத் திறந்தாள்.

"உள்ள வா."

"ஆன்ட்டி..."

"வாடா. பசியோட எத்தன நாள் அனுப்பியிருக்கேன் உன்ன?"

அவனைக் குசினிக்குக் கூட்டிப் போனாள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரி உச்சியிலிருந்த பேக்கை எடுத்தாள். நீலக் கைபிடிச் சட்டியில் ஒரு வருஷத் தூசி. சோப்புப் போட்டு ஒரு தரம், சுடுதண்ணீர் ஊற்றி இன்னொரு தரம் கழுவினாள். கோழி, பருப்பு எல்லாவற்றையும் காலையில் தானே கெடுத்து வைத்திருந்தாளே. ஆகவே கேஸ் அடுப்பில் புதிதாகச் சோறு வைத்தாள். இரண்டு முட்டை பொரித்தாள். வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து தேசிக்காய் பிழிந்தாள்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். சோற்றில் கண்ணீர் விழுந்தது.

"உப்பு சரியா?"

"சரி ஆன்ட்டி."

"இன்னும் கொஞ்சம் போடு. எலும்பும் தோலுமா இருக்கிற."

சுவக்கின் முற்றத்திலேயே நின்று சன்னல் வழியாக இதைப் பார்த்தார். கையிலிருந்த பிளேட் ஆறிப்போயிருந்தது. மகனுக்குப் பிடித்த கறி. ஒரு வாய் வைத்துப் பார்த்தார். இறங்கவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கோவில் மணி அடித்தது. உறவுக்காரர்களும் ஃபாஸிலும் போய்விட்டார்கள். திரு இருதயப் படத்தின் கீழே சிவப்பு பல்ப் எரிந்தது. பக்கத்தில் பதினோராம் நம்பர் ஜேர்சியில் கிஷான் சிரித்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் முழந்தாளிட்டார்கள். எப்போதும்போலக் கத்தரீனாதான் தொடங்கினாள்.

பரலோக மந்திரம் பாதி தாண்டியது. அந்த வரி வந்தது. சுவக்கின் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இனி அவள் ஃபாஸிலுக்காக வாயை மூட வேண்டிய அவசியமில்லையே.

கத்தரீனாவின் உதடு மூடிக்கொண்டது. மற்ற நாளில் அந்த ஒரு வரியைத் தாண்டி மேலே போய்விடுவாள். இன்று அதையும் செய்யவில்லை. ஜெபம் அந்த இடத்திலேயே நின்றது. லிண்டாதான் மீதியை விக்கி விக்கிச் சொல்லி ஆமென் போட்டாள்.

கத்தரீனா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். சட்டி இருந்த அந்தப் பேக்கிலேயே தன்னுடைய உடுப்பு நாலைந்தை மடித்து வைத்தாள்.

"லிண்டா, காலையில நானும் உன்னோட நாவலப்பிட்டிக்கு வர்றேன்."

பிறகு, படலையடியில் அழுது ஓய்ந்த பிறகு முதன்முதலாக, புருஷனைப் பார்த்துப் பேசினாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்தப் புள்ளைய வரச் சொல்லியிருக்கேன். சட்டி கழுவிக் கவுத்து வச்சிருக்கு. கட்டுகஸ்தோட்டையில கோழி வாங்கி ஆக்கிக் குடுங்க. அதுல நம்ம கரண்டியப் போட்ராதீங்க."

"நீ எப்ப வருவ கத்தரீன்?"

அவள் பேக்கின் சிப்பை இழுத்து மூடினாள்.

"உங்களுக்கு எல்லாம் தெரியுமே. எனக்குத் தெரியல."